பாதிச் சாக்கு உரம்

திறந்த உரச்சாக்கைக் கண்டால் என் வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்காது. பொழுது சாய்வதற்குள் காலி செய்தாக வேண்டும். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. சுங்காய்ப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நாங்கள் இருவரும் உரம் போடும் வேலையில்தான் இருந்தோம். சாயங்காலம் காலிச் சாக்கைக் காட்டினால்தான் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அன்றையக் கூலிக்குப் பேர் போடுவார். உரம் மரத்துக்குப் போனதா, வாய்க்காலுக்குப் போனதா என்று யார் பார்த்தார்கள்?

இப்போது பீடோருக்கு வெளியே குத்தகை நிலத்தில் வெண்டை போடுகிறோம். மண்டோர் இல்லை, பழக்கம் மட்டும் கூடவே வந்துவிட்டது. போன தடவை யூரியாவை வாரி இறைத்தார். செடி ஆள் உயரம் வளர்ந்தது, காயைத்தான் காணோம். இந்தத் தடவையும் இப்படியானால் நிலத்தை விட்டுவிட்டு ஈப்போவில் காவலுக்கு நிற்கும் ஜாகா வேலைக்குப் போய்விடுவேன் என்றார். முதல் தடவையாக நாங்கள் சொன்னபடி கேட்கிற மண். விடுவேனா?

செடி தின்றது போக மிஞ்சும் உரம் வாய்க்காலில் கரையும், வாயுவாகக் கிளம்பி உலகத்தையே சூடாக்கும் என்று விவசாய வகுப்பில் சொன்னார்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமே நஞ்சு, யூரியா எம்மாத்திரம்! மாடு வளர்க்கும் அண்ணனிடம் சாணம் வாங்கி, சருகு கலந்து, மழை படாமல் மூடி மக்க வைத்து அடியுரமாகப் போட்டேன். யூரியாவைக் கொஞ்சமாக வேரோரம் வைத்து மண்ணால் மூடினோம்.

பாதிச் சாக்கு மிஞ்சியது. வானம் கறுத்தது. அவர் சாக்கைத் தூக்க வந்தார். நான் அதன் வாயைக் கட்டி, கொட்டகையிலேயே அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"எந்திரி லா, மழ வருது. வீசிட்டா வேல முடிஞ்சிரும்."

"இப்ப வீசுனா எல்லாம் வாய்க்காலுக்குத்தான் போவும். எந்திரிக்க மாட்டேன்."

"யாராச்சும் பாத்தா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

மழை கொட்டித் தீர்த்தது. அது விடும்வரை நான் சாக்கைவிட்டு இறங்கவில்லை.

செடி இடுப்புக்கு மேல் வளரவில்லை. காயோ கணுவுக்குக் கணு. அவர் ஒரு பிஞ்சை ஒடித்து மென்றபடி வரப்பில் நின்றார். அதன்பிறகு ஈப்போ பேச்சை எடுக்கவில்லை.

போன வாரம் உரம் வைக்கத் தனியாகப் போனவர், மேகம் கூடியதும் திரும்பி வந்தார். வாய் கட்டிய சாக்கைத் தோளிலிருந்து இறக்கி என் முன்னால் வைத்தார்.

"மிச்சம் இருக்கு" என்றார், கூச்சத்தோடு.

"பேர் போட்டாச்சு, சாப்பிட வாங்க" என்றேன்.