உரியவர் வரும்வரை இந்தப் போன் அமானிதம்

இன்று காலை என் தேநீர்க் கடையில் யாரோ ஒரு போனை மறந்துவிட்டுப் போய்விட்டார். போனின் முதுகில் கம்பெனிப் பெயரே இல்லை.

தேநீர் குடிக்க வந்த, முகநூலில் செய்திப் பக்கம் நடத்தும் ஒரு தம்பி அதைக் கண்டுவிட்டார். என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுபவர்.

"காக்கா, இது இன்னும் விற்பனைக்கே வராத போன். கழட்டி வீடியோ போடுவம். உலகத்துலயே நாமதான் முதல்."

"போட்டா, மறந்துட்டுப் போன கம்பெனிக்காரர்ட வேலை போயிருமே. இது அமானிதம், நம்மள நம்பி வந்த பொருள். அவர்ட கையிலதான் குடுப்பன்."

"சனத்துக்கு அறியிற உரிமை இருக்கு காக்கா."

"ஓம். அப்ப முதல்ல ஒன்ட போனத் திறந்து மேசையில வை. கடையில இருக்கிற சனம் அறியட்டும்."

தம்பி தன் போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டார்.

இப்போது அவருடைய பக்கத்தில், நான் போனை ஒளித்து வைத்திருப்பதாகச் செய்தி.

உண்மைதான், ஒளித்துத்தான் வைத்திருக்கிறேன். உரியவர் வந்து போனின் பூட்டைத் திறந்து காட்டிவிட்டு எடுத்துப் போகலாம். அறியும் உரிமையோடு வருகிறவர்களுக்கு இஞ்சி பிளேன்டீ இருக்கிறது.