குனியாத தொழுகை

ஒரு கையின் புறத்தில் மறுகை விரல்கள் படும் அந்த மெல்லிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தொழுகை நடத்துபவர் பிழை செய்தால் பின்னால் நிற்கும் ஆண்கள் "சுப்ஹானல்லாஹ்" என்பார்கள். பெண்கள் குரல் எழுப்பாமல் இப்படிக் கைதட்டி உணர்த்துவார்கள். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. ஒன்பது வயதில், சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில், இறந்துபோன லெப்பையின் மையத்துக்கு முன் தொழவைக்க நான் நின்றபோது, பின்னால் மாமி கொசு அடிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

மாமி என் தகப்பனாரின் தங்கை. ஜப்பான்காரன் காலத்தில் அத்தாவையும் மாமியின் கணவரையும் ஒரே லாரியில் ஏற்றி, சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். தோட்டத்தில் முஸ்லிம் குடும்பங்களே ஆறோ ஏழோதான். போனவர்கள் போக மிஞ்சிய ஒரே ஆண், எங்களுக்குத் தொழுகை நடத்தும் லெப்பை. அவருடைய இருமலைக் கேட்டு லாரிக்காரனே வேண்டாமென்று தள்ளிவிட்டான். காய்ச்சலில் செத்தவர்களுக்கெல்லாம் அவர்தான் தொழவைத்தார். நடுவில் இருமல் வந்தால் நிறுத்தி, ஆற அமர இருமி, விட்ட இடத்தில் தொடங்குவார். பிள்ளைகள் நாங்கள் அதை நடித்துக் காட்டிச் சிரிப்போம். கடைசியில் அதே காய்ச்சல் அவரையும் கொண்டுபோயிற்று. அத்தனை பேருக்குத் தொழவைத்தவருக்குத் தொழவைக்க ஆளில்லை.

ஆற்றுக்கு அக்கரையில் மலாய்க்காரர்களின் கிராமமான கம்பத்தில் இமாம் இருந்தார். ஆனால் அன்று பாலத்தைச் சிப்பாய்கள் மூடிவிட்டார்கள். பக்கத்து லயத்து வரிசை வீடுகளில் இருந்த இந்துக் கிழவர்கள் இருவர் காலையிலேயே குழி வெட்டி முடித்திருந்தார்கள். பாலம்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தவரும் அவர்களில் ஒருவர்தான். "யாரையும் விட மாட்டேங்கிறான், தங்கச்சி. மழை வேற இருட்டிக்கிட்டு வருது. குழியில தண்ணி ஏறிடும்லா" என்றார்.

துணிப் பஞ்சம் தலைவிரித்தாடிய காலம். மாமி தன்னிடம் இருந்த ஒரே வெள்ளைத் துப்பட்டியைக் கிழித்து மையத்தைச் சுற்றும் கபனாக்கிவிட்டு, தான் அரிசிச் சாக்கைப் பிரித்துப் போர்த்திக்கொண்டிருந்தார். தொழாமல் லெப்பையைப் புதைத்துவிடுவோமோ என்ற பயம் ஒவ்வொரு முகத்திலும் தெரிந்தது. அம்மாதான் என் தோளைப் பிடித்து முன்னே தள்ளினார். "இவன் ஆம்பளைதானே, நிக்கட்டும்."

"வயசு வரலயே, அண்ணி" என்றார் மாமி.

"கம்பத்து சுராவ்ல சின்னப் பையன் நின்னு தொழ வைக்கலயா? நான் பாத்தேன்லா."

சுராவ் என்ற அந்தச் சின்னப் பள்ளியில் அம்மா பார்த்தது பொய்யில்லை. மலாய்க்காரர்கள் தொழுகைச் சட்டத்தில் ஷாஃபி வழி. விவரம் தெரிந்த சிறுவன் அங்கே பெரியவர்களுக்கும் முன்நிற்கலாம். நாங்கள் ஹனபி. எங்களுக்குப் பருவம் வராத பிள்ளை இமாமாகக் கூடாது. இந்த வித்தியாசம் மாமிக்கு அரைகுறையாகத் தெரியும், மற்றவர்களுக்கு அதுவும் தெரியாது. மாமி வாயை மூடிக்கொண்டார்.

நான் கையை உயர்த்தி 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் சொன்னேன். பெருமையாகத்தான் இருந்தது. அடுத்து எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். தினமும் தொழுவதுபோல் 'அல்ஹம்து' ஓதி முடித்துக் குனியப் போனேன். மையத்துத் தொழுகையில் குனிவதும் இல்லை, தரையில் தலை வைப்பதும் இல்லை. நின்றபடியே நான்கு தக்பீர், பிறகு ஸலாம். பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது. நான் நன்றாகக் குனிந்தேன். ஓரக்கண்ணால் பார்த்தால் அம்மாவும் மற்றப் பெண்களும் கூடவே குனிந்திருந்தார்கள். மாமி மட்டும் சாக்கைப் போர்த்தியபடி நிமிர்ந்து நின்றார்.

நான் அழுதுவிட்டேன். மாமி வந்து என் கண்ணைச் சாக்கு முனையால் துடைத்தார். "உன் மேல தப்பில்லடா. தெரிஞ்சும் பேசாம நின்னேன் பாரு, என் மேலதான்" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "நான் நிக்கிறேன், அண்ணி" என்றார். அவர் முன்னால் போகவில்லை. பெண்களின் வரிசைக்கு நடுவிலேயே, தோளோடு தோளாக நின்றார். பெண்ணுக்குப் பின்னால் ஆண் நின்று தொழக்கூடாது என்பதால் என்னைத் தள்ளி நிற்கவைத்தார். "நீ தனியா தக்பீர் சொல்லு. குனிஞ்சிடாதே." அவருடைய நான்கு தக்பீரும் நடுங்காமல் வந்தன. முதல் தூறல் விழும்போது கிழவர்கள் இருவரும் லெப்பையைக் குழியில் இறக்கினார்கள்.

சண்டை முடிந்து திரும்பிய சிலரில் என் அத்தா இல்லை, மாமியின் கணவரும் இல்லை. "பொம்பள தொழ வச்ச மையத்து" என்று யாரோ சொன்னது மாமியைப் பல நாள் அரித்தது. ஈப்போவுக்கு வந்த, மார்க்கம் படித்த ஆலிம் ஒருவரிடம் என்னையும் இழுத்துக்கொண்டு போய்க் கேட்டார். "கடமை நிறைவேறிருச்சும்மா. நின்ன இடமும் சரிதான்" என்றார் அவர். மாமி விடவில்லை. "அப்ப இவன் குனிஞ்சது?"

"அதுக்கு அல்லாஹ் பிள்ளையைக் கேக்க மாட்டான்" என்று அவர் சிரித்தார். மாமி அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

மாமி ஈப்போவில் காலமானபோது எனக்கு அறுபது தாண்டியிருந்தது. பள்ளிவாசல் நிறைய ஆட்கள், கபனுக்கு வேண்டிய மட்டும் புதுத்துணி. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. நெருங்கிய ஆண் உறவு நான்தான். இமாம் என்னிடம், "உரிமை உங்களுக்குத்தான். நீங்களே நிக்கிறீங்களா?" என்று கேட்டார். நின்றேன். தக்பீர் சொல்லிக் கையைக் கட்டினேன். ஒவ்வொரு தக்பீருக்கும் முன்னால் என்னை அறியாமல் ஒரு கணம் நின்று, பின்னால் காது கொடுத்தேன். சத்தம் வரவில்லை. கைதட்ட வேண்டியவர் எனக்கு முன்னால் வெள்ளையில் படுத்திருந்தார்.