நதிமாதிருக நாடு

சண்டிலிப்பாயில் நல்லம்மா வாழ்க்கைப்பட்ட வீட்டில் விடியமுன்னமே கிணற்றில் ஏற்றமரமான துலா கிரீச்சிடும். புருஷன் கந்தப்பு தண்ணீர்ப் பட்டையைப் பிடித்து இறைப்பான். அவன் தம்பி துலா மரத்தில் ஏறி முன்னும் பின்னும் நடப்பான். அவள் புகையிலைப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாற்றி விடுவாள். ஒருநாள் கால் வழுக்கித் தம்பி கிணற்றுக்குள் விழுந்தான். பிணமாகத்தான் தூக்கினார்கள்.

அந்த வருஷம் கோயிலில் புராணம் படித்தபோது பாட்டுக்குப் பொருள் விரித்துப் பயன் சொன்னவர் ஒரு சொல்லில் நின்றார். "நதிமாதிருக நாடு. எண்டால், ஆற்றைத் தாயாக உடைய நாடு. மழையை நம்பி விளையிறது தேவமாதிருகம்."

கந்தப்பு எழுந்தான். "அப்ப கிணத்தை நம்பினவைக்கு என்ன பேர், ஐயா?"

"அதுக்குப் பேரில்லை."

சனம் சிரித்தது. கந்தப்பு சிரிக்கவில்லை. அன்று தொட்டு வேலிக்கு வேலி நின்று அந்தச் சொல்லையே விளக்கினான். இரணைமடுவிலே ஆற்றங்கரையில் அரசாங்கம் காணி கொடுக்குதாம் என்று கேள்விப்பட்டதும் சாமான் கட்டினான்.

"அது காடெல்லே? குலைப்பன் காய்ச்சல் ஆளை நடுக்கிக் கொல்லுமெண்டு சொல்லுகினம்," என்றாள் நல்லம்மா.

"தாய் இருக்கிற இடத்திலை பிள்ளையளுக்கு என்ன வரும்?"

இரண்டு பிள்ளைகளோடும் குடிபோனார்கள். முதல் போகம் பொலிந்தது. கனகராயன் ஆற்றில் இறங்கி இரண்டு கையாலும் தண்ணீர் அள்ளிக் குடித்தான் கந்தப்பு. அவன் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அவள் கண்டதில்லை.

மழை விட்டது. ஆறு வற்றிக் குட்டை குட்டையாய் நின்றது. காதடியில் இரைந்து கடிக்கும் நுளம்பு பெருகியது. மூத்தவள் அருந்ததிக்குப் பின்னேரம் தோறும் காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. கொயினா மருந்து வாங்க வண்டி கட்டிப் போன கந்தப்பு திரும்பி வரமுன்னம் பிள்ளை தாயின் மடியில் குளிர்ந்துபோனது. ஆற்றங்கரையிலேயே புதைத்தார்கள்.

"ஆறு தாயெண்டு பேர் வைச்சவன் இஞ்சை வந்து இருந்து பாத்தவனே?" என்று கத்தினாள் நல்லம்மா. "இளையவனையாவது காப்பாத்துவம். வாங்கோ, போவம்."

"நெல்லு நிக்குது. வெட்டிப்போட்டு வாறன்."

அவள் மகனோடு ஊருக்கு றெயில் ஏறினாள். கந்தப்பு வெட்டினான், திரும்ப விதைத்தான். போகம் முடிய ஒரு மூட்டை அரிசியோடு வந்து, "வாவன்," என்பான். அவள் சோறு போட்டு அனுப்பிவிடுவாள்.

ஒருமுறை மூட்டையைப் பக்கத்துக் காணிக்காரர் பரமலிங்கம் இறக்கினார். "மனுசன் காய்ச்சலிலை மோசம் போயிட்டார், தங்கச்சி. அங்கையே எரிச்சுப்போட்டம்."

"ஏதும் கதைச்சவரோ?"

"குளிருது எண்டார். வேறை ஒண்டுமில்லை."

சாவுத் துடக்கு முடியும்வரை நல்லம்மா அந்த மூட்டையைத் தொடவில்லை. பிறகு அவிழ்த்து உலை வைத்தாள். மகன் சாப்பிட வேண்டுமே.