தெரியவில்லை என்று சொல்வதற்கான நாற்காலி

2023 ஆகஸ்ட் 7, திங்கட்கிழமை, காலை ஒன்பதே கால் மணி. கீரனூரில் நான் வேலை பார்க்கும் கண் மருத்துவமனைக்கு அன்றைய முதல் நோயாளி இன்னும் வந்திருக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து பத்தே நாளான, நான் அக்கா என்று கூப்பிடும் பெண்மணி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"மேடம், எனக்கு ட்ரெய்னிங் குடுங்க."

அவருக்கு நாற்பது வயதிருக்கும். எனக்கு இருபத்து மூன்று. அந்த 'மேடம்' எனக்குக் கூச்சத்தைத் தந்தது. ஒருவர் தமக்குத் தெரியாது என்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்கிறாரே என்பது அதைவிடக் கூச்சமாக இருந்தது. அஞ்சல் வழியில் முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டே இந்த வேலைக்கு வந்தவள் நான். எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. ஓரமாக நின்று பார்த்தே கற்றுக்கொண்டேன். ஒரு கேள்விகூடக் கேட்காமல் கற்றதில் எனக்குள் சிறு பெருமையும் இருந்தது.

எங்கள் வேலை பார்வைக்கு எளியது. மருத்துவரிடம் அனுப்பும் முன் நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, எதிர்ச் சுவரிலுள்ள எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்ல வேண்டும். மேலே ஒரே ஒரு பெரிய எழுத்து. கீழே இறங்க இறங்க எழுத்துகள் சிறுத்துக்கொண்டே போகும். எந்த வரிவரை படித்தார் என்பதைச் சீட்டில் குறித்துக் கொடுத்தால் முடிந்தது. அக்கா குறித்த சீட்டுகளில் மட்டும் அதற்குள் மூன்று முறை பிழை நேர்ந்திருந்தது. ஆறாம் வரிவரை படித்ததாக அவர் எழுதியவர்கள், மருத்துவரின் அறையில் இரண்டாம் வரியிலேயே நின்றுவிட்டார்கள்.

"ஞாயித்துக்கிழமை ஆவூர்ல கேம்ப் இருக்குல்ல, அதுவரைக்கும் பாப்போம். அங்கயும் இப்படின்னா வேற ஆள்தான் பாக்கணும்மா," என்று மருத்துவர் என்னிடம் சொல்லியிருந்தார். அது அக்காவின் காதுக்கும் எட்டியிருந்தது.

"எங்க நாத்தனா பந்தயமே கட்டியிருக்கா மேடம், நான் ஒரு மாசத்துல வீட்டுக்குத் திரும்பிருவேன்னு," என்று அவர் சிரித்தார். "பதினெட்டு வருசம் அடுப்படியில நின்னவளுக்கு ஆஸ்பத்திரி வேலை கேக்குதான்னு பேசுறா. நார்த்தாமலையில பஸ் ஏறுனா கீரனூர் வர்ற வரைக்கும் அதுதான் காதுல ஓடுது." சிரித்து முடித்ததும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த முகத்தில் வியர்வை இருக்கவில்லை.

நான் அவருக்கு இரண்டு பக்கத்தில் விதிகள் எழுதிக் கொடுத்தேன். நாற்காலி எங்கே இருக்க வேண்டும், கண்ணை எப்படி மூட வேண்டும், எத்தனை எழுத்து தவறினால் அந்த வரியை விட்டுவிட வேண்டும் என்றெல்லாம் எண்ணிட்டு எழுதினேன். செவ்வாய்க்கிழமை உணவு இடைவேளையில் அவர் அதை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார். புதன்கிழமை மீண்டும் ஒரு சீட்டு திரும்பி வந்தது.

விதிகள் தெரிந்த ஒருவர் ஏன் தவறுகிறார் என்பது எனக்கு விளங்கவில்லை. வியாழக்கிழமை, கூட்டம் குறைந்த நேரத்தில், என் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் நானே உட்கார்ந்தேன்.

"என்னை நோயாளின்னு நெனைச்சுக்கிட்டுச் சோதிச்சுப் பாருங்கக்கா."

கண்ணாடி இல்லாமல் எனக்கு மூன்றாம் வரிக்குக் கீழே எல்லாம் புகை. நான்காம் வரியின் முதல் எழுத்தை 'ட' என்றேன்.

"நல்லாப் பாருங்க மேடம்."

"தெரியலக்கா."

எழுத்தைச் சுட்டும் குச்சியை அவர் நகர்த்தவில்லை. பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "காலையில எந்திரிச்சதும் எத வெளக்குவீங்க? அதுல மொத எழுத்து."

"பல்… 'ப'வா?"

"ஆங், பாத்தீங்களா, தெரியுதுல்ல!" என்று சொல்லி அடுத்த எழுத்துக்குக் குச்சியை நகர்த்தினார். ஆறாம் வரி முடிந்தபோது, எட்டு ஆண்டுகளாகக் கண்ணாடி அணியும் என் பார்வை ஏறத்தாழ முழுமையாகிவிட்டிருந்தது.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அந்த அறையில் நான் அப்படிச் சிரித்தது அதுதான் முதல்முறை. அக்கா முதலில் பயந்தார். பிறகு, செய்தது இன்னதென்று புரிந்ததும், குச்சியை மேசைமேல் வைத்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"என்ன மேடம் செய்யிறது? ஒருத்தரு முழிச்சிக்கிட்டு உக்காந்திருந்தா வாய மூடிக்கிட்டு நிக்க முடியல. பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் குடுத்தே பழகிருச்சு."

"அவங்க முழிக்கிறதத்தான் நாம எழுதணும்க்கா. நீங்க எடுத்துக் குடுத்தா அவங்க கண்ணுல இருக்குற கோளாறு டாக்டருக்குத் தெரியாமப் போயிரும்."

அதற்குமேல் எந்த விதியும் தேவைப்படவில்லை. நோயாளி தயங்கினால் மனத்துக்குள் ஐந்துவரை எண்ணிவிட்டு அடுத்த எழுத்துக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்தோம். வெள்ளியும் சனியும் அக்கா உதடுகளை இறுக்கிக்கொண்டு எண்ணுவதைப் பார்த்தேன். ஆனால் ஒவ்வொருவரையும் உட்காரவைக்கும்போது தம் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்: "தெரியலன்னா தெரியலன்னு தைரியமாச் சொல்லுங்க. இங்க யாரும் பாஸு பெயிலு போட மாட்டாங்க." அது வீண் பேச்சு என்றே நான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆவூரில், கோயிலில் பூசை முடிந்ததும் கூட்டம் முகாம் நடந்த பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. தாழ்வாரத்தின் இரு முனைகளிலும் ஆளுக்கொரு பலகையைத் தொங்கவிட்டிருந்தோம். என் பக்கத்தில் பலகையைப் பார்த்தபடி நீளமான பெஞ்சு ஒன்று கிடந்தது. முறை வரும்வரை எல்லோரும் அதில் அமர்ந்திருந்தார்கள். நான் வழக்கம்போல் பேசாமல் குச்சியை வைத்தேன், படித்தார்கள், குறித்தேன். இருவர் எழுதிய சீட்டுகளும் ஒரே கட்டாக மருத்துவரிடம் போயின.

பதினோரு மணியளவில் மருத்துவர் ஒரு சீட்டோடு வெளியே வந்தார். பின்னாலேயே பெரியவர் ஒருவர் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார்.

"ஏழாவது வரி வரைக்கும் படிச்சதா எழுதியிருக்கு. இவருக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. யாரு பாத்தது இவர?"

பெரியவரே முந்திக்கொண்டு பேசினார். "அவங்களத் திட்டாதீங்க டாக்டரம்மா. எனக்கு முன்னாடி எட்டுப் பேரு அதையே படிச்சாங்க, கேட்டுக்கிட்டே இருந்தேன், மனப்பாடம் ஆயிருச்சு. அந்தப் பொண்ணு வாத்தியாரு மாதிரி வெறைப்பா நின்னுச்சா, தெரியலன்னு சொல்ல எனக்கு வெக்கமாப் போச்சு."

"எந்தப் பொண்ணு?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! அது யாருன்னு தெரிஞ்சா நான் ஏன் இங்க வந்து உக்காரப்போறேன்?"

தாழ்வாரமே சிரித்தது. மருத்துவர் சிரிக்கவில்லை. அவருடைய பார்வை இயல்பாகவே அக்காவின் பக்கம் திரும்பியது. முன்பு நடந்த நான்கு பிழைகளும் அந்தப் பார்வையில் இருந்தன. "நான் முன்னாடியே சொன்னேன்ல?" என்று அவர் தொடங்கினார்.

சீட்டிலிருந்த எழுத்து என்னுடையது. எனக்கு அது தெரியும், அக்காவுக்கும் தெரியும். 'நான் இல்லை' என்ற இரண்டு சொற்களை அவர் சொல்லியிருக்கலாம். என்னைப் பார்த்துக் கண்ணசைத்திருக்கலாம். அவர் எதுவும் செய்யவில்லை. குச்சியைப் பிடித்தபடி, உதடுகளை இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்து நின்றார். அவர் ஐந்துவரை எண்ணிக்கொண்டிருந்தார் என்றே இன்றும் நம்புகிறேன். எனக்கு மூன்று விநாடிகளாவது ஆயிற்று. அந்தத் தயக்கத்தை மறைக்க நான் விரும்பவில்லை.

"அது என் கையெழுத்து டாக்டர். நான்தான் பாத்தேன். தப்பு என்னோடது."

மருத்துவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கட்டிலிருந்து அக்காவின் சீட்டுகளை மட்டும் பிரித்து, தம் குறிப்புகளோடு ஒப்பிட்டார். திரும்பி வந்தபோது குரல் தணிந்திருந்தது.

"உங்க சீட்டு எல்லாம் சரியா இருக்கும்மா. நாளைக்கு வழக்கம்போல வந்துருங்க." என்னிடம், "அந்த பெஞ்சத் திருப்பிப் போடு," என்று மட்டும் சொன்னார்.

மாலையில் பொருள்களை வண்டியில் ஏற்றும்போது, "நீங்க ஏன்க்கா ஒன்னும் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்கதான மேடம் எடுத்துக் குடுக்கக் கூடாதுன்னீங்க," என்றார் அவர். "நாத்தனாவுக்குப் போன் போட்டுட்டு வாரேன். பந்தயத்துல அவ தோத்துட்டான்னு சொல்லணும்."

நான் படித்த எந்த வகுப்பிலும், என் விடைக்காக ஒருவர் தம் வேலையையே பணயம் வைத்துக் காத்திருந்ததில்லை.

மறுநாள் காலை, அக்காவின் பேருந்து வருமுன்பே மருத்துவமனைக்குப் போனேன். எங்கள் அறையில் நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சையும், பலகை கண்ணில் படாதபடி சன்னல் பக்கம் திருப்பிப் போட்டேன். ஒன்பதே காலுக்கு அக்கா உள்ளே வந்ததும் எழுந்து நின்று, "நோயாளி உக்காந்ததும் நீங்க ஒன்னு சொல்லுவீங்கள்லக்கா, அத எனக்குச் சொல்லிக் குடுங்க," என்று கேட்டேன்.