மச்சானுக்கு மேலே ஒரு நாள்

இது நடந்த கதை. இதில் ஒரு செங்கல்கூடக் கற்பனை கிடையாது, எந்தப் பெஞ்சில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்கிறேன். சரி சரி, அப்படி முறைக்காதீர்கள். செங்கல் எல்லாம் நிஜம், மேலே பூச்சுதான் கொஞ்சம் தடிமன். ஆராதனை முடிந்தும் மழை விடவில்லை. இந்தக் கடைசி இரண்டு பெஞ்சில் உட்கார்ந்து வேறென்ன செய்யப் போகிறீர்கள்? கேளுங்கள்.

நம் சபையில் ஒரு பெயிண்டர். எல்லோரும் கூப்பிடுவது சொட்டு. தொழிலுக்கு வந்த முதல் வருஷம் அவர் தரையில் சிந்திய பெயிண்டை வழித்திருந்தால் இன்னொரு தெருவுக்கே அடித்திருக்கலாம். இப்போது ஒரு சொட்டும் சிந்தமாட்டார். பெயர் மட்டும் காயவே இல்லை.

சொட்டுவுக்கு ஒரே தங்கச்சி. அண்ணன் முதன்முதலில் வெள்ளையடிக்கப் போன வீட்டில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான். அன்றிலிருந்து தெருவில் போனால், "இது எங்க அண்ணன் அடிச்ச சுவரு, அது எங்க அண்ணன் அடிச்ச சுவரு" என்று பஸ்ஸில் வருகிறவர்களுக்கெல்லாம் கை நீட்டிக் காட்டுவாள். சொட்டு ஒரு வீட்டுக்கு அடித்தால் அவள் ஒன்பது வீட்டைக் காட்டுவாள். சொட்டு மறுத்ததே இல்லை.

அப்புறம் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை கொத்தனார். மேலிருந்து நூலில் கட்டித் தொங்கவிட்டது போல நிமிர்ந்து நிற்பார், நிமிர்ந்து நடப்பார், தூங்கும்போதும் நேராகத்தான் படுப்பார். அதனால், சுவர் நேராக இருக்கிறதா என்று கொத்தனார் நூலில் தொங்கவிட்டுப் பார்க்கிற தூக்குக்குண்டு என்பதே அவர் பெயராகிவிட்டது. கல்யாணமான மறு மாதம் சொட்டு தங்கச்சியோடு கடைத்தெருவுக்குப் போனார். அதே தெரு, அதே சுவர். தங்கச்சி கையை நீட்டினாள். "அண்ணே, இது எங்க வீட்டுக்காரர் கட்டின சுவரு."

மேலே பெயிண்ட் சொட்டுவுடையது.

அன்று சொட்டுவின் வயிற்றில் பற்றியது அணையவில்லை. அந்த வயிற்றின் மேல் பாத்திரத்தை வைத்திருந்தால் அவர் வீட்டில் இரண்டு வருஷத்துக்குக் காஸ் மிச்சம்.

இப்படி இருக்கும்போதுதான் சபைக்குப் புதிய ஆலயம் கட்ட வேண்டி வந்தது. பழைய ஆலயத்தில் நூறு பேர் உட்காரலாம். இருநூற்று முப்பது பேர் வந்தார்கள். ஆராதனைக்கு எழுந்து நின்றால் மறுபடி உட்கார இடம் இருக்காது, அதனால் பாதிப் பேர் முழங்கால் வலித்தாலும் நின்றுகொண்டே இருப்பார்கள். கட்டடக் குழு கணக்குப் போட்டுப் பார்த்தது. செங்கல், கம்பி, சிமெண்டுக்குக் காணிக்கை சேர்ந்துவிடும். வேலைக் கூலிக்குத்தான் வழியில்லை.

போதகர் மூன்று ஞாயிறு தொடர்ந்து உக்கிராணத்துவத்தைப் பற்றிப் பிரசங்கித்தார். "நாம யாரும் சொந்தக்காரங்க இல்ல. உக்கிராணக்காரங்க. கையில இருக்கிற பணம், தெரிஞ்ச தொழில், கிடைச்ச நாள், எல்லாம் கர்த்தர் நம்மகிட்ட ஒப்படைச்சது. அவர் கேக்கும்போது முகம் சுளிக்காம எடுத்துக் கொடுக்கணும், அவ்வளவுதான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். சொட்டுவும் ஆட்டினார். ஆனால் அவருக்குள் ஓடியது வேறு. எதுவும் யாருக்கும் சொந்தம் இல்லை என்றால் தங்கச்சி மட்டும் எப்படி மச்சானுக்கு முழுச் சொந்தம்?

நாலாவது ஞாயிறு, ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்தார்கள். மூன்று வரி. எவ்வளவு பணம், என்ன பொருள், எத்தனை வேலை நாள். உறையில் போட்டு ஒட்டி, பலிபீடத்தின் மேல் இருக்கும் பெட்டியில் வைக்க வேண்டும். குழுவில் செயலாளராக இருந்தவர் ஓய்வு பெற்ற வாத்தியார். பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்தே பழகியவர். அவர் எழுந்து ஓர் அறிவிப்புச் செய்தார்.

"யாரு அதிக வேலை நாள் கொடுக்கிறாங்களோ, பிரதிஷ்டை அன்னைக்கு அவங்கதான் ஆலயத்துச் சாவியைப் பேராயர் கையில கொடுப்பாங்க."

போதகர் முகம் சுருங்கியது. "வாத்தியாரே, இது ஓட்டப்பந்தயம் இல்லையே" என்று மெதுவாகச் சொன்னார். யார் காதிலும் விழவில்லை. சொட்டுவின் காதில் சாவிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. இருநூற்று முப்பது பேர் பார்க்க, முன்வரிசையில் தங்கச்சி பார்க்க, சாவியோடு நடப்பது யார்? அதற்குப் பிறகு அவள் எந்தச் சுவரைக் காட்டினாலும் யார் பெயரைச் சொல்வாள்?

அட்டையில் அறுபது நாள் என்று எழுதினார். எட்டிப் பார்த்தார். இரண்டு பெஞ்ச் தள்ளி மச்சானின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. அறுபது என்று எழுத அவ்வளவு நேரமா? நூறாக இருக்குமோ? சொட்டு அறுபதை அடித்தார். நூற்றிருபது என்று எழுதினார். மச்சானின் பேனா இன்னும் நிற்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நூற்றிருபதையும் அடித்துவிட்டு, மிச்ச இடத்தில் பொடி எழுத்தில் எழுதினார்: "என் மச்சான் எத்தனை நாள் வருகிறாரோ அதற்கு மேலே ஒரு நாள்."

புதன்கிழமை குழு அட்டைகளைப் பிரித்தது. வாத்தியார் சொட்டுவின் அட்டையைப் படித்துச் சிரித்தார். அடுத்த உறையைப் பிரித்தார். தூக்குக்குண்டுவின் அட்டை. அதிலும் அதே வரி. "என் மச்சான் எத்தனை நாள் வருகிறாரோ அதற்கு மேலே ஒரு நாள்."

வாத்தியார் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட உட்கார்ந்தார். முப்பத்திரண்டு வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்த மனிதர். நாலு தாள் தீர்ந்தது. இவர் நாள் தெரிந்தால்தான் அவர் நாள் தெரியும், அவர் நாள் தெரிந்தால்தான் இவர் நாள். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு பேரையும் வரச் சொன்னார். போதகர் இரண்டு அட்டையையும் அவர்கள் முன்னால் வைத்தார்.

"என் யோசனையையே திருடிட்டியா மச்சான்?" என்றார் சொட்டு.

"உன் யோசனையா? நீ என் பேனாவை எட்டிப் பார்த்ததை நான் பார்த்தேனே!"

"எழுதினதை மாத்துறீங்களா?" என்று போதகர் கேட்டார்.

"அவர் மாத்தட்டும்" என்றார்கள் இரண்டு பேரும்.

வேலை ஆரம்பித்தது. தூக்குக்குண்டுவுக்கு முதல் நாளிலிருந்தே வேலை, அஸ்திவாரம் அவர் கையில்தானே. பெயிண்டருக்குச் சுவர் எழும்பினால்தான் வேலை. அதற்காகச் சொட்டு வீட்டில் இருந்தாரா? இல்லை. சிமெண்ட் மூட்டை வைத்திருந்த கொட்டகைக்குப் பெயிண்ட் அடித்தார். தண்ணீர் டிரம்முக்கு அடித்தார். மண்வெட்டிக் காம்புக்கும் சாரக் கம்புக்கும் அடித்தார். ஒரு காக்கா கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அரைக் காக்காவை முடித்துவிட்டார், மிச்சம் பறந்துவிட்டது.

சுவர் எழும்பியதும் மச்சானுக்குப் பயம் வந்தது. பூச்சு முடிந்தால் தனக்கு வேலை முடியும், அதற்கு மேல்தான் சொட்டுவுக்கு ஆரம்பம். அதனால் அவர் யாரும் கேட்காமலே மதில் கட்டினார். செடிக்கு வரப்புக் கட்டினார். சன்னலுக்குக் குழு சொன்ன அளவு போதாது என்று, இரண்டடி பெரிதாக்கி மறுபடி கட்டினார். "வெளிச்சம் வரட்டும்" என்றார். நாள் வரட்டும் என்று சொட்டு தனக்குள் சொல்லிக்கொண்டார்.

தங்கச்சி தினமும் பத்து மணிக்கு டீ கொண்டு வருவாள். முதல் டம்ளர் வீட்டுக்காரருக்கு, இரண்டாவது அண்ணனுக்கு. சொட்டு அதையும் எண்ணினார். எழுபது நாளில் ஒரு நாள்கூட முதல் டம்ளர் தனக்கு வரவில்லை. இரண்டாவது டம்ளரில் சூடு குறைவு என்று அவருக்குத் தோன்றும். தொட்டால் கை சுடும், ஆனாலும் அப்படித்தான் தோன்றும்.

ஒரு நாள் அவள் சாரத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். "அண்ணே, தனியா ஏணி ஏறியிருக்கியே. யாரு பிடிச்சுக்கிறா?"

"உன் வீட்டுக்காரர்கிட்ட போய்க் கேளு. அவர் சுவரைப் பிடிச்சுக்கோ, அதுதான் நேரா இருக்குமாம்."

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்று டீ நிஜமாகவே ஆறிப்போனது. சொட்டுவுக்கு இறங்கிக் குடிக்கப் பிடிக்கவில்லை.

பிரதிஷ்டைக்கு முந்தின நாள் வாத்தியார் வருகை நோட்டைக் கூட்டினார். சொட்டு நூற்று நாற்பது. தூக்குக்குண்டு நூற்று நாற்பது. வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஐந்து மணி. சொட்டு வாளியோடு வந்தார். உள்ளே எல்லாம் முடிந்திருந்தது. முன்கதவு ஒன்றுதான் மிச்சம், அதற்கும் ஏற்கெனவே மூன்று கோட்டிங். நாலாவது கோட்டிங் அடித்தார். ஓரம், இடுக்கு, நிலை, எதையும் விடவில்லை. நன்றாக இழுத்துச் சாத்திவிட்டுக் குளிக்கப் போனார். நூற்று நாற்பத்தொன்று!

ஆறு மணிக்குத் தூக்குக்குண்டு வந்தார். கதவு பளபளப்பதைப் பார்த்தார். மூக்கில் பெயிண்ட் வாடை ஏறியது, அதற்குப் பின்னாலேயே விஷயமும் ஏறியது. ஓடிப்போய் ஒரு சட்டிக் கலவை போட்டார். வாசற்படி மேல் வழவழவென்று ஒரு பூச்சு. அவருக்கும் நூற்று நாற்பத்தொன்று!

ஒன்பது மணிக்குப் பவனி வந்தது. முன்னால் சிலுவை, பின்னால் பாடகர் குழு, நடுவில் பேராயர். வாத்தியாருக்கு வேறு வழி தெரியவில்லை. ஒரு சாவியை இரண்டு பேர் கையிலும் கொடுத்தார். வளையத்தைச் சொட்டு பிடித்துக்கொண்டார், முனையை மச்சான். நடக்கும்போது இரண்டு பேரும் அவரவர் பக்கம் இழுத்த இழுப்பில் சாவி ஒரு விரல் நீண்டுவிட்டது.

பேராயர் சாவியை வாங்கிக்கொண்டு படியில் கால் வைத்தார். கால் கணுக்கால்வரை உள்ளே போனது. சரி, ஷூ மட்டும். விழாமல் இருக்கக் கதவில் கை வைத்தார். கை ஒட்டிக்கொண்டது. மற்றக் கையால் சாவியைத் திருகினார். பூட்டுத் திறந்தது, கதவு அசையவில்லை. நாலாவது கோட்டிங் கதவையும் நிலையையும் ஒன்றாக ஒட்டிவிட்டிருந்தது. நாலு பேர் தள்ளினார்கள், பாடகர் குழு பாடிக்கொண்டே தள்ளியது. ஆலயம் அசைந்தது, கதவு அசையவில்லை.

அப்போது ஆலயத்தின் பின்பக்கத்திலிருந்து தங்கச்சி ஓடி வந்தாள். பலிபீடத்தில் பூ வைக்க, போதகர் அங்கி மாற்றும் அறை வழியாக முன்னமே உள்ளே போயிருந்தாள்.

"ஏன் எல்லாரும் இடிக்கிறீங்க? பின்பக்கம் திறந்துதான் இருக்கு, வாங்க!"

பேராயர் ஒரு ஷூவோடு முன்னால் நடக்க, பவனி முழுவதும் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்குப் போனது. சாவி கதவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு பேரின் நூற்று நாற்பத்தொரு நாள் உழைப்பும் அங்கே தனியாகத் தொங்கியது.

சொட்டு கடைசியாக நடந்தார். பின்வாசலில் தங்கச்சி நின்றிருந்தாள். முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உள்ள எப்படிம்மா இருக்கு?"

"வெளிச்சமா இருக்கு அண்ணே" என்றாள். "பட்டப்பகல்ல பால் ஊத்தின மாதிரி இருக்கு."

சொட்டு நிமிர்ந்தார். வெள்ளை! அவர் அடித்த வெள்ளை! எத்தனை வருஷத்துக்கு அப்புறம்! அவர் நெஞ்சு விரிந்த விரிப்பில் மேல் பட்டன் இரண்டு தெறித்துப் போனது. ஒரு மூச்சு, ஒரே ஒரு மூச்சு, அவருக்கு இந்த உலகத்தில் யார் மேலும் பொறாமை இல்லை.

பக்கத்தில் நின்ற தூக்குக்குண்டு தொண்டையைச் செருமினார். "சன்னல் நான் வச்சது மச்சான்."

அவ்வளவுதான் கதை. ஆனால் மழை இன்னும் விட்டபாடில்லை, இங்கே பாருங்கள்.

"அதெப்படி? சன்னல் சின்னதா இருந்தா வெள்ளையடிச்சு என்ன பிரயோஜனம்?" என்று வலது பெஞ்சிலிருந்து கொத்தனாரின் அத்தை எழுந்துவிட்டார்.

"கருப்புச் சுவருக்கு எவ்வளவு பெரிய சன்னல் வச்சாலும் குகைதான்!" என்றார் இடது பெஞ்சில் பெயிண்டரின் சித்தப்பா.

"இவனுக்கு என்ன தெரியும், கதவை ஒட்டவச்ச குடும்பம்!"

"பேராயர் ஷூவை முழுங்கின குடும்பம் பேசுது!"

"அந்த அரைக் காக்கா பொய்தானே? அதைச் சொல்லு முதல்ல!"

"யோவ், குடையை ஏன் ஓங்குறே? சாமி வீட்டுக்குள்ள நிக்கிறோம்!"

"சாமி வீடுதான். அதுக்குச் சன்னல் வச்சது யாரு?"