மஞ்சள் டப்பா

ஓசூர் ஆலையில் நான் இன்ஸ்பெக்டர். போலீஸ் இல்லை, பற்சக்கரங்களை அளந்து பார்க்கிறவன். நல்லது பச்சை டப்பாவுக்கு, கெட்டது சிவப்புக்கு, சந்தேகமானது மஞ்சளுக்கு. மஞ்சளில் சும்மா போட்டுவிட்டு டீ குடிக்கப் போக முடியாது. என்ன சந்தேகம், அதை யார் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதிக் கட்ட வேண்டும். எதையும் சட்டென்று முடிவு செய்ய வராத எனக்கு மூன்றில் அந்த டப்பாதான் பிடிக்கும்.

இரண்டாயிரத்து ஆறு, ஏழு இருக்கும். வடக்கே உத்தராகண்டில் புது ஆலை திறந்து, வருகிறாயா என்று கேட்டார்கள். சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். போனால் பதவி உயரும். ஆனால் என் மனைவி கர்நாடக எல்லையை ஒட்டிய ஜூஜுவாடியில் பிறந்து வளர்ந்தவள். அக்கம்பக்கத்தில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, என்னைத் திட்டத் தமிழ் என்று சௌகரியமாக இருந்தாள். அவளைக் கிளப்பிக்கொண்டு போவதா, விட்டுவிட்டுத் தனியாகப் போவதா? அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

வீட்டில் கிடந்த மஞ்சள் பிளாஸ்டிக் டப்பாவில் சீட்டு எழுதிப் போட ஆரம்பித்தேன். 'குளிர் எப்படி? யார்: லாரி டிரைவர்.' 'புழுங்கலரிசி கிடைக்குமா? யார்: முன்பே அங்கே போன ஃபிட்டர்.' நெடுஞ்சாலை டீக்கடையில் ஒரு டிரைவரைப் பிடித்தேன். "ரெண்டு கம்பளி போத்தினாலும் பல்லு அடிச்சுக்கும்ண்ணா" என்றார். அதையும் எழுதிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை எல்லாச் சீட்டுக்கும் பதில் வந்திருந்தது, ஒன்றைத் தவிர. 'அவளுக்கு அங்கே பிடிக்குமா?' அதில் 'யார்' என்ற இடத்தை நான் காலியாக விட்டிருந்தேன். முன்பின் தெரியாத டிரைவரைக் கேட்டவன், பக்கத்தில் தோசை வார்ப்பவளைக் கேட்கவில்லை. மாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான், மறைப்பானேன்.

காலியாக விட்ட இடத்தில் இப்போது அவள் கையெழுத்தில் 'நான்' என்று இருந்தது.

சீட்டோடு அடுப்படிக்குப் போனேன். "டப்பாவைப் பாத்தியா?"

"நாலு நாளா பாத்துட்டுதான் இருக்கறேன். எப்பதான் கேப்பீங்கன்னு."

"பிடிக்குமா?"

"இங்க நின்னுட்டு எப்படிங்க சொல்றது? அங்க போய் இருந்து பாத்தாதானே தெரியும். ஒரு வருசத்துல பிடிக்கலைன்னா இங்கயே திரும்ப எடுத்துக்குவாங்களான்னு கேட்டு, எழுதி வாங்கிக்கங்க. ரெண்டு பேருமே போலாம்."

அத்தனை சீட்டு எழுதிய எனக்கு அந்த ஒரு கேள்வி தோன்றவே இல்லை. மறுநாள் கேட்டேன், கடிதம் கொடுத்தார்கள். போனோம்.

குளிர் விஷயத்தில் டிரைவர் சொன்னது சரிதான். ஒரு வருடம் முடிகிற சமயம் அந்தக் கடிதத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். இந்த முறை வேறு யாரையும் கேட்காமல் நேரே அவளிடம் போய், "திரும்பிப் போலாமா?" என்றேன்.

வாசலில் எதிர்வீட்டுக்காரியிடம் தப்பும் தவறுமாக இந்தியில் வளவளத்துக்கொண்டிருந்தவள், திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைக் காட்டினாள்.

"செத்த இருங்க. பேசிட்டு வரேன்."