குச்சிக்கிழங்குக்குச் சாட்சி சொன்ன புத்தகம்

காளப்பநாயக்கன்பட்டி வாசகசாலையின் ஆண்டுவிழா மலருக்கு, மாணவர்கள் நம்பத்தக்க செய்தியைத் தேடிப் பிடிப்பது எப்படி என்று எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். சரியான ஆளைத்தான் கேட்டிருக்கிறார்கள். நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தலைச்சுமையாக மிளகு இறக்கத் தொடங்கி, இன்று சொந்த மண்டியும் சொந்த லாரியும் வைத்திருப்பவன். ஊரில் பி.ஏ. படித்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் எதற்கும் என்னைத்தான் யோசனை கேட்கிறார்கள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் என்னையும் மிஞ்சியவன் ஒருவன் உண்டு. கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டு அண்ணாமலை.

மலையில் பள்ளிக்கூடம் திறந்தபோது, தன் இரண்டு பிள்ளைகளையும் கொண்டுபோய் விட்ட அண்ணாமலை, தானும் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டான். வாத்தியார் எழுந்து போகச் சொன்னார். "மழைக்கு ஒதுங்குனேனுங்க சாமி" என்றான். அந்த மழை இரண்டு வருடம் விடவில்லை. அதற்குள் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டான். அவன் படிப்பது கல்லுக்காட்டில் எருமை நடப்பதுபோல இருக்கும். ஆனால் ஒரு எழுத்தையும் தாண்டமாட்டான்.

உலகச் சண்டைக் காலத்தில் அரிசிப் பஞ்சம் வந்ததல்லவா. அப்போது அவன் மரவள்ளிக் குச்சி வாங்கிப் போய்க் காடு முழுக்க நட்டான். நாம் குச்சிக்கிழங்கு என்கிறோமே, அதுதான். அவன் ஊரில் அதற்கு முன் யாரும் அதைக் கண்டதில்லை. கிழங்கு பருக்கும் நேரத்தில், ஊர்க்கவுண்டர் அர்த்தனாரியின் கிடாய் வேலியைத் தாண்டிப் போய் வயிறு முட்ட இலையைத் தின்றது. பொழுது சாய்வதற்குள் செத்தும் போனது.

ஊர் கூடியது. "இது விசப் பயிரு. புடுங்கித் தீயில போடு" என்றார் அர்த்தனாரி.

"கிழங்கைத் தின்னு பாத்தேனுங்க. ஒண்ணும் ஆகலீங்க."

"உன் காட்டுக்கு நீயே சாட்சியாக்கும்? திருடனும் அப்படித்தான் சொல்லுவான்."

அவர்கள் ஊர்க்கட்டுப்படி சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பங்காளியாக இருக்கக்கூடாது. ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழவும் கூடாது. அமாவாசைக்குள் சாட்சி வராவிட்டால் பயிரைப் பிடுங்கவேண்டும் என்று முடிவானது. அந்த வருடம் அண்ணாமலையிடம் வேறு வெள்ளாமை இல்லை. அவனும், பெண்டாட்டி சென்னம்மாளும், பிள்ளைகளும் அடுத்த சாமை அறுப்பு வரை அந்தக் கிழங்கை நம்பித்தான் இருந்தார்கள்.

மலையிறங்கி நேரே என் மண்டிக்கு வந்தான். "ஏனுங்க ஐயா, புஸ்தகம் சாட்சி சொல்லுமுங்களா?"

"நான் கூப்பிட்டால் சொல்லும்" என்று வாசகசாலைக்கு அழைத்துப்போனேன்.

வாசகசாலைக் காப்பாளர் வெங்கிடுசாமி. அலமாரிச் சாவி அவர் இடுப்பில் இருக்கும். புத்தகத்தைப் படித்தால் தேய்ந்துவிடும் என்பது அவர் எண்ணம். என் முகத்துக்காக அலமாரியைத் திறந்தார். முதலில் ஒரு வைத்தியப் புத்தகம் அகப்பட்டது. மரவள்ளி குற்றமில்லாத உணவு என்று அதில் இருந்தது.

"முடிந்தது வேலை. கிளம்பு" என்றேன்.

"எழுதுனவரு எந்த ஊருங்க?"

"போடவில்லை."

"குச்சிக்கிழங்கை நேர்ல பாத்தவருங்களா?"

"அதை நான் எங்கே போய்க் கேட்பது?"

இன்னொரு புத்தகத்தை எடுத்தேன். பச்சை அட்டை, கெட்டிக் காகிதம். அதிலும் அதே சேதி. எனக்கு ஆனந்தம். அண்ணாமலை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலை ஓட்டி ஓட்டிப் படித்தான். பிறகு இரண்டையும் மூடினான்.

"ஆகாதுங்க. ரெண்டும் பங்காளிங்க."

"அட்டை வேறே வேறே நிறமாக இருக்கிறதே."

"சட்டை மாத்திக்கிட்டா பங்காளி இல்லீனு ஆயிருமுங்களா? ரெண்டு பேரும் இது கொடியில வெளையுதுங்கறாங்க. கொடி ஏதுங்க, குச்சிதானுங்க. ஒருத்தன் தப்பாச் சொன்னதை அடுத்தவன் அப்படியே ஒப்பிச்சிருக்கான். ரெண்டு பேருக்கும் ஒரே வாய்."

அர்த்தனாரிக்குக் கொடி எது, குச்சி எது என்று தெரியவா போகிறது என்றேன். எனக்குத் தெரியுமே என்றான்.

அலமாரியின் அடித்தட்டில் கரையான் பாதி தின்ற மெல்லிய புத்தகம் ஒன்று கிடந்தது. விவசாய அதிகாரி ஒருவர் எழுதியது. எந்த ஊரில், எந்த வருடம் தாமே நட்டுப் பார்த்தார் என்றெல்லாம் போட்டிருந்தார். கிழங்கைத் தோலுரித்து, தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தின்னலாம் என்றிருந்தது. அடுத்த வரியில், இலை ஆட்டைக் கொல்லும் என்றும் இருந்தது.

"அந்த வரியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு படி" என்று யோசனை சொன்னேன்.

"எனக்குச் சாதகமா மட்டும் பேசுனா அவன் சாட்சி இல்லீங்க, மச்சினன்."

இரண்டாவது சாட்சியையும் நான்தான் பிடித்துக் கொடுத்தேன். சோற்றுக்கடைக் குழந்தைசாமி. மேற்கே தேயிலைத் தோட்டத்தில் சமையல் பார்த்து, வருடக்கணக்கில் குச்சிக்கிழங்கு அவித்துப் போட்டவர். எழுத்து வாசனை கிடையாது. அதனால் புத்தகத்துக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இருந்திருக்க முடியாது. ஒரே குறை, அவர் மூன்று ஆள் கனம். மலையேற மாட்டேன் என்றார். புத்தகத்தைத் தனியாக வெளியே விடமாட்டேன் என்றார் வெங்கிடுசாமி. கடைசியில் குழந்தைசாமியைக் கம்பளித் தூளியில் போட்டு, என் ஆட்கள் முறைவைத்துத் தூக்கினார்கள். வெங்கிடுசாமி புத்தகத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு, தான் வெயிலில் வந்தார். முன்னால் நான் நடந்தேன்.

ஊர் கூடியதும் குழந்தைசாமியைத் தூளியோடு தூக்கிப்போய், காது கேட்காத தூரத்தில் பலாமரத்தடியில் இறக்கினார்கள். புத்தகத்தைக் கோயில் முன்னால் பலகையில் வைத்தார்கள்.

"சாட்சி கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணோணும். இதுக்குக் கையில்லையே" என்றார் அர்த்தனாரி.

"கூட வந்தவரு பண்ணட்டும்" என்றது கூட்டம்.

வெங்கிடுசாமி இரண்டடி பின்னால் போனார். "நான் இதைப் படிச்சதே இல்லீங்க" என்றார்.

"நல்லதாப் போச்சு. கலப்படம் இருக்காது" என்று சத்தியம் வாங்கிவிட்டார்கள்.

அண்ணாமலை எழுத்துக் கூட்டிப் படித்தான். நடுவில் ஊரார் எழுந்து போய்க் கூழ் குடித்துவிட்டு வந்தார்கள். அப்போதும் தோலுரித்து முடியவில்லை.

"சாட்சி ஏனப்பா இப்படித் திக்குது?" என்று ஒருவர் கேட்டார்.

"மலையேறி வந்த களைப்புங்க" என்றாள் சென்னம்மாள்.

ஆடு செத்துப்போகும் வரியை மட்டும் அவன் திக்காமல் படித்தான். கூட்டம் அர்த்தனாரியைப் பார்த்தது. பிறகு குழந்தைசாமியைத் தூக்கி வந்தார்கள். தோலை உரி, தண்ணீரில் அவி, தண்ணீரைக் கொட்டு, ஆட்டைக் கட்டிப் போடு என்று நாலே பேச்சில் முடித்தார்.

அர்த்தனாரி தாடையைத் தடவினார். "ரெண்டும் ஒத்துப்போகுது. பங்காளியும் இல்ல. ஆனா தின்னு காட்டாம ஒத்துக்கமாட்டேன். சாட்சிக தின்னட்டும்."

சென்னம்மாள் அங்கேயே அடுப்பு மூட்டி அவித்துப் போட்டாள். குழந்தைசாமி தம் பங்கை ஒரு வாயில் முடித்தார். புத்தகத்தின் பங்கு வெங்கிடுசாமிக்கு வந்தது. அவர் கண்ணை மூடி, குலதெய்வத்தைக் கும்பிட்டு, ஒரு துண்டை மென்றார். ஊரே அவர் வாயைப் பார்த்தது. கண்ணைத் திறந்து, "உப்பு கொஞ்சம் போடு கண்ணு" என்று இலையை நீட்டினார்.

பயிர் நிற்கலாம் என்று தீர்ப்பானது. வேலி சரியாக அடைக்காத குற்றத்துக்கு அண்ணாமலை ஒரு ஆட்டுக்குட்டி கொடுத்தான். அடுத்த மழைக்கு அர்த்தனாரியே குச்சி கேட்டு ஆளனுப்பினார்.

மாணவர்களே, இவ்வளவும் நடந்தது என் முயற்சியால்தான். நான் சொல்வது மட்டும் போதாது என்றால் அண்ணாமலையைக் கேட்காதீர்கள். இப்போது அவனும் நானும் கிழங்கு வியாபாரத்தில் கூட்டு, அவன் சாட்சி செல்லாது. அர்த்தனாரியைக் கேளுங்கள். அவருக்கு என்னைக் கண்டால் ஆகாது. அவர் சொன்னால் நம்பலாம்.